குறியும் அறிவும்

'அறிதல்' என்னும் சொல்லை நாம் நாள்தோறும் வழங்குகின்றோம். தெருவிலே எதிர்ப்படும் நண்பனை அறிகின்றோம். கடித உறையின் மேலுள்ள கையெழுத்தைக் கண்டு எழுதியவரை அறிகின்றோம். மலையிலே புகையைக் கண்டு அங்கே நெருப்புண்டென அறிகின்றோம். இவை யாவும் ஒரு தன்மையன அல்ல. நண்பனை அறிதல் பல்லாண்டுப் பழக்கத்தின் பயன். புகையால் நெருப்பை அறிதலோ ஒரு குறியைப் பற்றுக்கோடாகக் கொண்டு காணாத பொருளைத் துணிதலாகும். நம் அளவை நூலார் நேரே காண்பதைக் காட்சி என்றும், குறியாற் துணிவதைக் கருதல் என்றும் பிரித்துரைத்தனர். இப்பிரிவு ஏட்டளவில் நின்றுவிடுவதன்று. ஒரு மனிதனை அறிந்து அவனை நடத்துவதற்கும், அவன்மேற் காணப்படும் ஒரு குறியை மட்டும் அறிந்து அவனை நடத்துவதற்கும் இடையிலேதான் அறத்தின் பெரும்பகுதி கிடக்கின்றது.

இவ்வினாவை எதிர்பாராத ஓரிடத்திலிருந்து அணுகிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம். இன்றைய உயிரியலாளர், 'இப்புரதம் அக்குறியை அறிகின்றது' என்று தயக்கமின்றி எழுதுகின்றனர். கண்ணும் மனமும் இல்லாத ஒரு மூலக்கூறு எவ்வாறு அறியும்? அறியுமெனின் பிழைபட அறிதலும் அதற்கு இயலுமா? இயலுமெனின் அப்பிழையிலிருந்து உயிர்க்கலம் தன்னை எங்ஙனம் காத்துக்கொள்கின்றது? இவற்றுக்கு விடை தேடுமிடத்து, குறிகளை நம்பி வாழும் நம்மைப் பற்றியும் சில உண்மைகள் புலப்படும்.

கலத்தினுள் நிகழும் போக்குவரத்து

உயிர்க்கலத்தை ஒரு பையில் அடைத்த கூழென எண்ணிய காலம் ஒன்று இருந்தது. இலத்திரன் நுணுக்குக்காட்டி அதன் உள்ளமைப்பைத் திறந்து காட்டியபோது, அது பல அறைகளைக் கொண்ட மனையாகவே தோன்றிற்று. புரதங்கள் பல ஆக்கப்பட்டு மடிக்கப்படும் அகமுதலுருச் சிறுவலை, அவை செப்பனிடப்பட்டுத் தரம் பிரிக்கப்படும் கொல்கிச் சிக்கல், வேண்டாதவை சிதைக்கப்படும் இலைசோசோம் ஆகிய ஒவ்வொன்றும் தனக்கென ஒரு மென்சவ்வு உடையது. ஓரறையிலிருந்து மற்றோர் அறைக்குப் பொருள்கள் செல்லும்போது, புடகங்கள் எனப்படும் நுண்ணிய சவ்வுப் பைகளிலேறிச் செல்கின்றன. இப்போக்குவரத்தின் வழியை வகுத்துக் காட்டிய ஜோர்ஜ் பலாடே 1974ஆம் ஆண்டிலும், புரதங்கள் தாம் செல்ல வேண்டிய இடத்தைத் தம்முடலிலேயே குறியாக எழுதிக்கொண்டுள்ளன என நிறுவிய குந்தர் புளோபெல் 1999ஆம் ஆண்டிலும், புடகங்களின் இயக்கத்தை விளக்கிய றொத்மன், ஷெக்மன், சூடொவ் ஆகிய மூவரும் 2013ஆம் ஆண்டிலும் நோபல் பரிசு பெற்றனர்.

கலத்தின் புறத்தேயுள்ள பொருள்களும் இவ்வாறே உள்வாங்கப்படுகின்றன. 1964ஆம் ஆண்டிலே றொத், போட்டர் என்னும் இருவர் ஏடிஸ் நுளம்பின் முட்டைக் கலத்தை ஆராய்ந்தனர். நுளம்பு குருதி உண்டபின் அக்கலத்தின் மேற்பரப்பிலே உறையிட்ட சிறு குழிகள் பெருகுவதையும், அவை கருவூண் புரதத்தை விழுங்கி உள்ளே புடகங்களாகப் பிரிவதையும் அவர்கள் கண்டனர். அவ்வுறையின் முதன்மைப் புரதத்தை 1970களின் நடுப்பகுதியிலே பாபரா பியர்ஸ் தனிப்படுத்திக் கிளத்திரின் எனப் பெயரிட்டார். ஆயினும் கிளத்திரின் கூடையை மட்டுமே முடையும். கூடையினுள் எதனை இடுவது என்பதை அது அறியாது. கலத்தின் மேற்பரப்பிலே பலவகைப் புரதங்கள் கலந்து மிதக்கின்றன. அவற்றுள் எது ஏறலாம், எது ஏறலாகாது என்பதை வகுப்பது யாது?

ஈற்றிலே நின்ற நான்கு எழுத்து

புரதம் என்பது இருபது வகை அமினோ அமிலங்கள் நிரலாகக் கோக்கப்பட்ட ஒரு சங்கிலி. அவ்வமிலங்களை எழுத்துக்கள் எனக் கொண்டால், நூற்றுக்கணக்கான எழுத்துக்களாலாகிய நெடுஞ்சொல்லே ஒரு புரதம். அந்நெடுஞ்சொல்லின் போக்கைத் தீர்மானிக்கும் குறியோ பெரும்பாலும் மூன்று, நான்கு அல்லது ஆறு எழுத்துக்களே கொண்டது. தமிழ் இலக்கணம் பயின்றோர்க்கு இது வியப்பன்று. சொல்லின் பொருள் வேறு. தொடரிலே அச்சொல் ஏற்கும் இடம் வேறு. பின்னதை உணர்த்துவது ஈற்றிலே ஒட்டிய சிறியதொரு வேற்றுமை உருபு. 'ஐ' என்னும் ஓரெழுத்து, தான் ஒட்டிய பெயர் அரசனைச் சுட்டுகின்றதா ஆட்டைச் சுட்டுகின்றதா என்பதைப் பற்றிக் கவலைகொள்வதில்லை.

1987ஆம் ஆண்டிலே மன்றோ, பெல்ஹாம் என்னும் ஆய்வாளர் இருவர் இதற்கொப்பானதொரு செய்தியைக் கண்டனர். அகமுதலுருச் சிறுவலையிலேயே தங்கிப் பணியாற்றும் புரதங்கள் சிலவற்றின் ஈற்றிலே லைசின், அஸ்பார்ட்டிக் அமிலம், குளூட்டாமிக் அமிலம், லியூசின் என்னும் நான்கும் இவ்வொழுங்கிலே நிற்கின்றன. அவ்வீற்றை வெட்டி நீக்கியபோது, உள்ளே தங்க வேண்டிய புரதம் கலத்துக்கு வெளியே கசிந்தது. அவ்வீற்றுப் பகுதியை, வழக்கமாக வெளியே சுரக்கப்படும் லைசோசைம் என்னும் நொதியத்தின் ஈற்றிலே ஒட்டியபோது, அது வெளியேறாது உள்ளேயே நின்றது. இக்குறி பூட்டிய கதவன்று. தவறிப் புறப்பட்டவரை மீட்டழைக்கும் ஏவல். சிறுவலையை விட்டுக் கொல்கிச் சிக்கலுக்கு வந்துவிட்ட புரதத்தை அங்குள்ள ஒரு வாங்கி பற்றுகின்றது. பற்றித் திரும்பக் கொண்டு சென்று சிறுவலையிலே விட்டுவிடுகின்றது. கொல்கியின் அகம் சிறிது அமிலத்தன்மை உடையதாதலின் அங்கே பிடி இறுகும். சிறுவலையின் அகம் ஏறத்தாழ நடுநிலையானதாதலின் அங்கே பிடி தளரும். ஆகவே அதே குறி, அதே வாங்கி. இடம் மாறப் பற்றுதல் விடுதலாகின்றது. குறியின் பொருள் குறியினுள் மட்டும் அடங்கியிருப்பதில்லை என்னும் பாடத்தை இதனிடத்தே முதன்முதற் காண்கின்றோம்.

குறி அழிந்தபோது

ஓரெழுத்தின் பிழை எத்துணைத் துயரை விளைக்கும் என்பதற்கு மருத்துவ வரலாற்றிலே தெளிவானதொரு சான்று உண்டு. குருதியிலே கொலஸ்திரோலைச் சுமந்து திரியும் குறையடர்த்தி இலிப்போபுரதத் துணிக்கைகளைக் கலங்கள் ஒரு வாங்கிப் புரதத்தின் உதவியால் உள்வாங்குகின்றன. அவ்வாங்கியின் பெரும்பகுதி கலத்தின் புறத்தே நின்று துணிக்கையைப் பற்றும். ஐம்பது அமினோ அமிலங்களாலாகிய சிறு வால் ஒன்று சவ்வை ஊடுருவிக் குழியவுருவினுள்ளே தொங்கும். உறையிட்ட குழிகள் கலத்தின் மேற்பரப்பில் நூற்றுக்கு இரண்டு பங்கே ஆயினும், அவ்வாங்கிகளிற் பாதிக்கு மேற்பட்டவை அக்குழிகளிலேயே திரண்டிருக்கும். ஏறத்தாழப் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒவ்வொரு வாங்கியும் உள்ளே சென்று, துணிக்கையை இறக்கிவிட்டு, மீண்டும் மேற்பரப்புக்கு வரும்.

பரம்பரையாக வரும் ஒருவகைக் கொலஸ்திரோல் மிகைப்பு நோயிலே இவ்வொழுங்கு குலைகின்றது. தாய், தந்தை இருவரிடமிருந்தும் பழுதுற்ற பரம்பரையலகைப் பெற்ற பிள்ளைகள் இளமையிலேயே மாரடைப்புக்கு ஆளாகின்றனர். டெக்சாஸ் மாநிலத்தின் டலஸ் நகரிலே பணியாற்றிய மைக்கல் பிறவுண், யோசப் கோல்ட்ஸ்ரீன் என்போர் இந்நோயாளரின் தோற்கலங்களை வளர்த்து ஆராய்ந்தனர். பெரும்பாலான நோயாளரின் கலங்கள் துணிக்கையைப் பற்றவே ஆற்றலற்றிருந்தன. ஒருவருடைய கலங்களோ வேறுபட்டன. அவற்றின் வாங்கிகள் மேற்பரப்புக்கு வந்தன. துணிக்கையைச் செவ்வனே பற்றவும் செய்தன. ஆயின் உள்ளே செல்லவில்லை. 1977ஆம் ஆண்டிலே இலத்திரன் நுணுக்குக்காட்டியால் நோக்கியபோது, அவ்வாங்கிகள் குழிகளிலே திரளாது மேற்பரப்பெங்கும் சிதறி நிற்கக் காணப்பட்டன. கொலஸ்திரோல் வாயிலிலே காத்து நின்றது, வாயில் திறக்கவில்லை.

பிறவுணும் கோல்ட்ஸ்ரீனும் நோபல் பரிசு பெற்ற 1985ஆம் ஆண்டுக்கு மறு ஆண்டிலே இதன் காரணம் வெளிப்பட்டது. 839 அமினோ அமிலங்கள் கொண்ட அவ்வாங்கியிலே, வாற்பகுதியில் 807ஆம் இடத்திலுள்ள தைரோசின், சிஸ்ட்டீனாக மாறியிருந்தது. ஏனைய எழுத்துக்கள் யாவும் செம்மையாக இருந்தன. அஸ்பரஜீன், புரோலின், யாதேனும் ஒன்று, தைரோசின் என்னும் நான்கிடத் தொடரே உள்வாங்குதற்குரிய குறி என்பது 1990ஆம் ஆண்டிலே தெளிவாயிற்று. வாங்கி தன் கடமையில் ஒரு குறையும் வைக்கவில்லை. அதனை அடையாளங்காட்டும் குறி மட்டுமே அழிந்திருந்தது.

குறியறிவது அழிந்தபோது

இந்த வரலாறு இத்துடன் முடிந்திருந்தால், குறியே அனைத்தும் எனக் கருதியிருப்போம். 2001ஆம் ஆண்டிலே மற்றொரு செய்தி வெளிவந்தது. சார்டினியா, லெபனான் முதலிய இடங்களைச் சேர்ந்த சில குடும்பங்களிலே இதே நோய் காணப்பட்டது. அவர்களுடைய வாங்கிகளோ பழுதற்றவை. குறியும் அழியாது நின்றது. பழுதுற்றிருந்தது வேறொரு புரதம். அக்குறியைப் பற்றி, வாங்கியைக் கிளத்திரினோடும் அதன் துணைப் புரதங்களோடும் இணைத்துவைப்பதே அதன் தொழில். அது இல்லாதபோது ஈரற்கலங்களின் மேற்பரப்பிலே செம்மையான வாங்கிகள் செம்மையான குறியோடு செயலற்று நின்றன. வியப்பு யாதெனில், அதே நோயாளரின் தோற்கலங்களிலே உள்வாங்கல் தடையின்றி நிகழ்ந்தது. அங்கே அக்குறியை அறியும் வேறொரு புரதம் துணைநின்றது.

இங்கு 'ஆட்களம்' என்னும் சொல்லை விளக்குதல் வேண்டும். பெரும் புரதமொன்றிலே தனித்து மடிந்து, தனக்கெனத் தொழிலொன்றைக் கொண்ட பகுதியே ஆட்களம் எனப்படும். மேற்கூறிய இணைப்புப் புரதத்திலே குறியைப் பற்றுவது அத்தகையதோர் ஆட்களம். வாங்கியின் வால் தனித்து நிற்கும்போது நிலையான உருவமற்றது. காற்றிலே அசையும் நூலைப் போன்றது. ஆட்களத்தின் பள்ளத்தை அடைந்தபோதே அது வளைந்து படிந்து உருவம் பெறுகின்றது. ஆகவே குறி என்பது வாலிலே முன்னரே அமைந்து கிடக்கும் ஒரு முத்திரை அன்று. அறியும் ஆட்களமும் அறியப்படும் வாலும் சந்திக்கும் இடத்திலே அது குறியாகின்றது. ஒன்றின் குறி அழிந்தாலும் துன்பம் வரும்; அதனை அறிவது அழிந்தாலும் அதே துன்பம் வரும். அறியப்படாத நன்மைக்கும் இல்லாத நன்மைக்கும் நோயாளியின் குருதியிலே வேறுபாடு இல்லை.

இது அறிவாகுமா?

இனி முதல் வினாவுக்கு வருவோம். இங்ஙனம் பற்றுதலை அறிதல் எனலாமா?

1894ஆம் ஆண்டிலே எமில் பிஷர் நொதியத்தையும் அது தாக்கும் பொருளையும் பூட்டுக்கும் திறப்புக்கும் ஒப்பிட்டார். 1958ஆம் ஆண்டிலே கோஷ்லண்ட், பொருள் வந்து பொருந்தும்போது புரதமும் தன்னுருவை மாற்றி இசைந்து கொடுக்கின்றது எனத் திருத்தினார். ஜாக் மோனோ 1970ஆம் ஆண்டிலே வெளியிட்ட 'தற்செயலும் அவசியமும்' என்னும் நூலிலே, புரதங்களுக்கு ஒருவகை அறிதிறன் உண்டெனக் கூறி, மக்ஸ்வெல் கற்பித்த வாயில் காக்கும் பூதத்தோடு அவற்றை ஒப்பிட்டார். பூட்டு திறப்பை அறிகின்றது என்று நாம் கூறுவதில்லை. ஆதலின் இதுவும் வெறும் உவமை வழக்கே என ஒருவர் மறுக்கலாம்.

இம்மறுப்பு முற்றிலும் பொருந்தாது. மலையிலிருந்து உருளும் கல் எங்கே விழுந்தாலும் பிழைத்தது எனல் ஆகாது; அதற்கு விழவேண்டிய இடம் என்று ஒன்று இல்லை. இணைப்புப் புரதத்துக்கோ செய்யவேண்டியது என்று ஒன்று உண்டு. எண்ணிறந்த தலைமுறைகளாக அது நிலைபெற்று வந்தது இன்ன வாங்கியை உள்ளே சேர்த்த பயனாலேயே. எனவே வேண்டாததை ஏற்றும்போது அது பிழைத்தது எனக் கூறுதல் பொருளுடைத்து. ஒன்றன் தொழிலை அதன் வரலாற்றிலிருந்து வகுக்கும் இக்கருத்தை 1984ஆம் ஆண்டிலே ரூத் மில்லிக்கன் என்னும் மெய்யியலாளர் விரிவாக ஆராய்ந்தார். பிழைக்கு இடமுள்ள இடத்திலே அறிவின் முதல் நிழல் விழுகின்றது.

நிழல் என்றோமே அன்றி அறிவு என்று கூறவில்லை. புரதம் பிழைக்கும், தான் பிழைத்ததை ஒருபோதும் அறியாது. பிழையைப் பிழையென அறிந்து வருந்தும் ஆற்றலே அறிவை ஏனையவற்றிலிருந்து பிரிக்கும் எல்லை என்பது எமது துணிபு.

ஐயுறும் கலம்

குறுகிய குறிக்கு ஓர் இழுக்கு உண்டு. நான்கு எழுத்துத் தொடர் எங்கும் தற்செயலாகத் தோன்றலாம். உள்வாங்குதற்குரிய மற்றொரு குறி, ஒரு தைரோசினும், அதனையடுத்து எவையேனும் இரண்டும், நான்காவதாக நீர்வெறுக்கும் பருத்த அமினோ அமிலம் ஒன்றும் கொண்டது. இத்தகைய தொடர் எண்ணிறந்த புரதங்களிலே காணப்படும். அவற்றிற் பெரும்பாலானவை உள்வாங்கலோடு தொடர்பற்றவை. அங்ஙனமாயின் கலம் ஏமாறாதிருப்பது எவ்வாறு?

இக்குறியை அறியும் இணைப்புத் தொகுதி நான்கு புரதச் சங்கிலிகளால் ஆனது. 1998ஆம் ஆண்டிலே ஓவன், இவான்ஸ் என்போர் அதன் ஓர் ஆட்களம் குறியைப் பற்றும் நிலையைப் பளிங்குருவிலே கண்டனர்: தைரோசினுக்கு ஒரு பள்ளம், நான்காம் எழுத்துக்கு ஒரு பள்ளம். ஆயின் முழுத் தொகுதியும் குழியவுருவிலே திரியும்போது அப்பள்ளங்கள் மூடுண்டு கிடக்கின்றன. குறி எதிர்ப்பட்டாலும் பற்ற இயலாது. கலத்தின் புறச்சவ்வின் உட்பக்கத்திலே பொஸ்பேற்றுக்கள் ஏறிய ஒருவகை இலிப்பிட்டு உண்டு. அதனைப் பல இடங்களிலே தொட்டபோதே அத்தொகுதி விரிந்து, பள்ளங்கள் திறந்து, குறியை நோக்கித் திரும்புகின்றன. 2010ஆம் ஆண்டிலே வெளியான ஆய்வு இதனைத் துலக்கியது. உரிய இடத்தை அடையாதவர் தீர்ப்புக் கூறலாகாது என்பது போன்றது இவ்வமைப்பு.

மேலும், ஒரு குறிக்கும் ஓர் ஆட்களத்துக்கும் உள்ள பிணைப்பு வலுக்குறைந்தது. பற்றியது விரைவிலே நழுவும். பல குறிகளும் பல பிடிகளும் இலிப்பிட்டும் ஒருங்கு கூடும்போதே புடகம் உருவாகின்றது. துணை கூடாத குழிகள் பல, தோன்றிய சில கணங்களிலேயே கலைந்துவிடுகின்றன. மீண்டு வாராத வழியாகிய இலைசோசோமுக்குப் புரதமொன்றை அனுப்புமிடத்து விழிப்பு இன்னும் மிகுதி. யுபிக்குயிட்டின் என்னும் சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படுகின்றது. அதனை அறியும் ஆட்களங்கள் பல அடுத்தடுத்து நின்று வலுவற்ற பிடிகளாற் பற்றிக் கைமாற்றுகின்றன. இடைவழியிலே அவ்வடையாளத்தை நீக்கிப் புரதத்தை மீட்கவல்ல நொதியங்களும் உள்ளன. தளர்ந்த பிடியும், பல சான்றும், மீட்சிக்கு இடமும் ஆகிய இம்மூன்றுமே குறுங்குறியின் ஆபத்துக்குக் கலம் கண்ட மாற்று.

பொய்ச்சான்று

இத்துணை விழிப்பையும் வெல்லவல்ல வஞ்சகர் உளர். எச்.ஐ.வி. வைரசு ஆக்கும் புரதங்களுள் நெஃப் என்பது ஒன்று. நோயுற்ற கலங்கள், தம்முள்ளே நிகழ்வதன் துணுக்குகளைப் புறத்தே ஏந்திக் காட்டும் மூலக்கூறுகளை உடையன. அவற்றைக் கண்டே நிர்ப்பீடனக் கலங்கள் நோயைத் துணிகின்றன. எனவே அம்மூலக்கூறுகள் கலத்தின் உண்மைச் சாட்சிகள். அவற்றுட் சிலவற்றின் வாலிலே மேற்கூறிய தைரோசின் குறியின் பாதி உண்டு. தைரோசின் இருக்கின்றது, நான்காம் இடத்திலே பருத்த அமிலத்துக்குப் பதிலாக அலனீன் என்னும் சிறியது நிற்கின்றது. குறி நிரம்பாமையால் வழக்கமாக இணைப்புத் தொகுதி அதனைப் பொருட்படுத்துவதில்லை. நெஃப் இடையிற் புகுந்து, வாலையும் தொகுதியையும் ஒருசேரத் தழுவி, நிரம்பாத குறியை நிரம்பியது போல ஆக்குகின்றது. இதன் அமைப்பு 2012ஆம் ஆண்டிலே காணப்பட்டது. சாட்சி, தான் செய்யாத பிழைக்காகச் சிதைவின் வழியே அனுப்பப்படுகின்றது.

இதனைப் படிக்குங்கால் மதுரைக் கடைவீதி நினைவுக்கு வராத தமிழர் இருத்தல் அரிது. கோவலன் விற்கக் கொணர்ந்த சிலம்பு அரசியின் சிலம்பை ஒத்திருந்தது. அவ்வொப்புமை பாதிக் குறி. மீதியை நிரப்பியது பொற்கொல்லனின் நா. அரசனோ அவையிலே வீற்றிருந்து ஆராயவில்லை. ஊடிய தேவியின் மனைக்குச் செல்லும் வழியிலே, சிலம்பு அவன் கையிலிருப்பின் கொன்று கொணர்க என ஏவினான். தீர்ப்புக்குரிய இடமும் அன்று, சான்றும் ஒன்றே, ஏவியதோ மீளா வழி. காவலர் சிலர் கோவலனின் தோற்றத்தைக் கண்டு இவன் கள்வனல்லன் என ஐயுற்றனர். அவ்வையமும் பொற்கொல்லனின் சொல்லால் அடக்கப்பட்டது. கலம் தனக்கென அமைத்துக்கொண்ட காப்புகள் யாவும் பாண்டியன் அவையிலே அன்று ஒருங்கே தவறின.

குறி எதற்கு விடை?

இவ்விடத்தே ஓர் எச்சரிக்கை வேண்டும். இயற்கையில் உள்ளது யாது என்பதிலிருந்து நாம் செய்யத்தக்கது யாது என்பதை நேரே பெற இயலாது என்பதை டேவிட் ஹியூம் பதினெட்டாம் நூற்றாண்டிலேயே சுட்டிக்காட்டினார். கலத்துக்கு அறம் இல்லை. அது ஐயுறுவது போலத் தோன்றுவது, ஏமாறிய கலங்கள் அழிந்து ஏமாறாதவை எஞ்சிய வரலாற்றின் விளைவே. அதனை ஆசானாகக் கொள்ள வேண்டுவதில்லை. ஆயினும் குறியால் அறிதலின் அமைப்பைத் தெளிவாகக் காட்டும் கண்ணாடியாக அதனைக் கொள்ளலாம்.

அக்கண்ணாடியிலே தெரியும் தலையாய உண்மை இது: ஒரு குறி ஒரு வினாவுக்கே விடையாகும். கொலஸ்திரோல் வாங்கியின் வாலிலுள்ள குறி, 'என்னை உள்ளே கொண்டு செல்க' என்பதற்கு மேல் எதனையும் கூறுவதில்லை. அவ்வாங்கி துணிக்கையைச் சுமந்து நின்றாலும் வெறுங்கையாக நின்றாலும் உள்வாங்கப்படுகின்றது. அதன் தகுதி, அதன் பயன், அதன் வரலாறு ஆகியவற்றுள் ஒன்றையும் இணைப்புப் புரதம் வினவுவதில்லை. குறியும் விடைகூறுவதாகப் பாசாங்கு செய்வதில்லை.

மனிதர் குறிகளைக் கையாளும்போது இவ்வெல்லையை மீறுகின்றனர். குறிகள் இன்றி நாம் வாழவியலாது என்பது மெய்யே. ஊரிலுள்ளோர் அனைவரையும் நண்பரைப் போல அறிந்து பழகுதல் எவருக்கும் ஆகாது. அஞ்சற்காரர் முகவரியையும் மருத்துவர் நோய்க்குறியையும் நம்புவதிலே குற்றமில்லை. முகவரி எங்கே என்பதற்கு விடை. நோய்க்குறி என்ன நோய் என்பதற்கு விடை. ஒரு வினாவுக்குரிய குறியை வேறொரு வினாவுக்கு விடையாகக் கொள்வதே குற்றம். விவிலியத்தின் நியாயாதிபதிகள் ஆகமத்திலே, யோர்தான் ஆற்றுத்துறையைக் கடக்க வந்தோரைக் கீலேயாத்தியர் 'ஷிபோலேத்' என்னும் சொல்லை உச்சரிக்கச் செய்தமை கூறப்படுகின்றது. முதலெழுத்தைச் சரியாக ஒலிக்கவியலாத எப்பிராயீமியர் வெட்டப்பட்டனர். நாற்பத்தீராயிரம் பேர் மாண்டனர் என்கின்றது அந்நூல். இந்நாட்டிலே 1958ஆம் ஆண்டிலும் 1983ஆம் ஆண்டிலும் நிகழ்ந்த வன்செயல்களின்போதும், வழிமறித்தோர் சில சொற்களைக் கூறுமாறு பணித்து, நாவின் ஒலியால் இனத்தைத் துணிந்தனர் என்பது அக்காலத்தை அறிந்தோர் மறவாத செய்தி. ஒருவர் ஒரு சொல்லை ஒலிக்கும் முறை, அவர் எத்தாயிடம் மொழி பயின்றார் என்பதற்கு விடையாகலாம். அவர் வாழத்தக்கவரா என்பதற்கு அது விடையன்று. அவ்வினாவுக்கு விடையாகும் குறி எதுவும் உலகத்தில் இல்லை.

இத்தகைய வேளைகளிலே குறியைத் தேடியவர் அறியாமையாற் பிழைத்தார் எனல் முழுவிளக்கம் ஆகாது. பல நேரங்களிலே அவர் குறியைச் சரியாகவே படித்தார். இணைப்புப் புரதத்தின் அளவுகோலாற் பார்த்தால் அவரிடத்துப் பிழையே இல்லை. பிழை, குறியோடு நின்றமையிலே உள்ளது. எதிரே நின்றவரைக் குறி தாங்கிய வாலாக மட்டும் கண்டு, வாலுக்கு அப்பாலுள்ள முழு உருவத்தையும் காண மறுத்தமையிலே உள்ளது. துல்லியமான அடையாளங்காணல் அறமற்றதாகவும் இருக்கக்கூடும் என்பது நம் காலத்தார் சிந்திக்க வேண்டியதொன்று. முகத்தையும் கைரேகையையும் கணத்திலே அடையாளங்காணும் பொறிகள் பெருகியுள்ள இந்நாளிலே, 'சரியாக அடையாளங்கண்டதா?' என்று கேட்பதோடு நாம் அமைந்துவிடுகின்றோம். 'எந்த வினாவுக்கு விடையாக அதனைக் கொண்டீர்?' என்று கேட்க மறந்துவிடுகின்றோம்.

முடிவாக ஒன்று. நெஃப் புரதத்தால் ஏமாற்றப்பட்ட இணைப்புத் தொகுதி, தன் பிழையை அறியாமலே அடுத்த புடகத்தை ஆக்கச் செல்லும். கண்ணகி தன் சிலம்பை உடைத்தபோது தெறித்த மணியைக் கண்ட பாண்டியனோ, அக்கணமே தன் பிழையை அறிந்தான். கள்வன் யார் என்பதையும் அறிந்தான். அறிந்தபின் உயிர் தரித்திருக்க அவனால் இயலவில்லை. சிலம்பின் புறம் கண்டு தீர்ப்பளித்தவன், அதன் அகத்தைக் கண்டபோதே மனிதனானான். ஆயின் அவ்வறிவு கோவலனுக்குப் பயன்படவில்லை. பிழையைப் பின்னர் அறியும் ஆற்றல் நமக்கு உண்டென்பதே, முன்னர் ஆராயும் கடமை நமக்கு உண்டென்பதற்கு ஆதாரம். மூலக்கூறுக்கு அவ்வாற்றல் இல்லை; ஆதலின் அக்கடமையும் இல்லை. உடைத்துப் பாராமலே உள்ளிருப்பது முத்தோ மாணிக்கமோ எனக் கேட்டறியும் வாய் நமக்கு உண்டு. அதனைத் திறவாதிருப்பதற்கு மட்டும் நம்மிடம் நியாயம் இல்லை.